ஒரே சொடுக்கில் வைத்த பெயர்கள்

அந்த எக்ஸ்ரே படத்தை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த எக்ஸ்ரே நிலையத்துக்கு, பக்கத்துத் தொழிற்சாலையின் கிரேன் டிரைவர் அன்று மாலை தனியாக வந்திருந்தார். படத்தின் நடுவே விரலை வைத்து, “இங்க ரெண்டு ஊக்கு கீது பாரும்மா. எனக்கு ஏது ஊக்கு?” என்றார்.

எட்டு நாளுக்கு முன் அந்தத் தொழிற்சாலை ஆட்களுக்கு மார்புப் படம் எடுத்திருந்தோம். எந்திரம் ஒவ்வொரு படத்துக்கும் வெறும் எண்ணைத்தான் பெயராக வைக்கும். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றச் சோம்பல்பட்டு, வருகைப் பட்டியலைக் கணினியில் ஏற்றி ஒரே சொடுக்கில் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தேன். திரையில் எண்கள் மறைந்து மனிதர்கள் வரிசையாக வந்தபோது கொஞ்சம் கர்வம்கூட வந்தது. பட்டியலில் இருந்த ஒருவர் படம் எடுக்காமலே கிளம்பிப் போனதை நான் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருவர் பெயரும் அடுத்தவர் படத்தில் ஏறிவிட்டது. படத்தில் நிழல் தெரிகிறது, காசநோயாக இருக்கலாம், சளியைச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் இந்த டிரைவரிடம் சொல்லியிருந்தார்.

தாலிக் கயிற்றில் மாட்டிய ஊக்குகள் அவை. பட்டியலைத் திறந்து பார்த்ததும் பெயர்கள் இடம் மாறியிருப்பது புரிந்தது. “இது உங்க படம் இல்லண்ணே. உங்க படத்துல நிழலே இல்ல. தப்பு என்மேலதான்” என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “அப்போ இது யாருதும்மா?” என்றார்.

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற துப்புரவுப் பணியாளர் அக்காவுடையது. அக்காவுக்கோ ‘எல்லாம் சரி’ என்று சீட்டுக் கொடுத்திருந்தோம். காத்திவாக்கத்தில் அவர் வீடு டிரைவருக்குத் தெரியும். தன் பைக்கிலேயே என்னை அழைத்துப்போனார். அக்கா வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். டிரைவர் எதிரே குந்தி உட்கார்ந்தார். “எட்டு நாளா உன்னுத நான் வச்சிகினு இருந்தேன்க்கா. பயப்படாத. மருந்து கீது.”

“அதான் இருமல் வுடல” என்றார் அந்த அக்கா. சோதனையில் காசநோய் உறுதியாகி, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தேறினார். மற்றவர்களின் படங்களையும் மறுநாளே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, திருத்திய சீட்டுகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போதும் நான் மொத்தமாகத்தான் பெயர் மாற்றுகிறேன். ஆனால் மாற்றி முடித்ததும் படத்தையும் பெயரையும் ஒவ்வொன்றாக ஒப்பிடாமல் எழுந்திருப்பதில்லை.

அன்று திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, டிரைவர் தன் வீட்டுக்குப் போன் செய்தார். “என் பாய மாடிலேந்து கீழ எடுத்தாந்து போடு. இன்னிக்குப் பாப்பா பக்கத்துல படுத்துக்கறேன்.” மறுமுனையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். லாரிகள் போகும் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.