மாடி ஷீட்டில் ரெண்டு விரல் ஓட்டை

மாடிக்கு ஏறிப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சந்தேகம் அப்புறம்தான் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் நான் ஒட்டி, ரோலர் ஓட்டி, ஊசி விட்டு நோண்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று விட்டுப்போன ஜாயிண்டில் ஒரு ஓட்டை. ரெண்டு விரல் அகலம், உள்ளங்கை நீளம். கிழிந்த ஓட்டை என்றால்கூட மனது ஆறும். இது கத்தி வைத்து நாலு பக்கமும் நேராக அறுத்தது. அறுத்த துண்டையும் காணோம்.

"எவன்டா அது?" என்று ஆளில்லாத மாடியில் கத்தினேன். கீழே லேத் ஓடுகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

கணபதி ஏரியாவில் ஒரு பம்பு செட் ஒர்க்‌ஷாப் அது. பழைய கான்கிரீட் தளம், மழை பெய்தால் ஒழுகும். அதன் மேல் வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, ஒரு ஷீட்டின் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறி உட்காரும்படி வைத்து, அந்த இடுக்கில் ஹீட் கன்னின் தட்டையான மூக்கை நுழைத்துச் சூடான காற்றை அடிப்பேன். ரெண்டு பக்கமும் இளகும். இளகின சூட்டோடு ரோலரை வைத்து அழுத்தினால் ரெண்டு ஷீட்டும் ஒரே ஷீட்டாகிவிடும். கோந்து கிடையாது, ஆணி கிடையாது. சூடு குறைந்தால் ஒட்டின மாதிரி நடிக்கும், மறுநாள் பிரிந்துகொள்ளும். கூடினால் கருகும். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று கிளம்பிவிட்டால் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்தக் காற்றை மறைக்க ஒரு பிளைவுட் பலகையை முட்டியில் சாய்த்து நிறுத்திக்கொண்டு, வெள்ளை ஷீட்டில் அடிக்கிற வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தவழ்ந்து தவழ்ந்து ஒட்டியிருந்தேன். அதைத்தான் ஒருத்தன் அறுத்துக்கொண்டு போயிருக்கிறான். வயிறு எரியாதா?

காண்ட்ராக்ட் என்னுடையது அல்ல, அக்கா வீட்டுக்காரருடையது. நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் லேத் பழகினேன், பாதியில் விட்டேன். செல்போன் ரிப்பேர்க் கடை வைத்தேன், மூடினேன். காங்கேயத்துப் பக்கம் ஒரு சிநேகிதனோடு சேர்ந்து கோழிப்பண்ணை போட்டேன், அதைச் சொல்லவே வேண்டாம். ஊரில் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் "அவனா?" என்று ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். அக்காதான் அவள் புருஷனிடம் மல்லுக்கு நின்று, "என்ற தம்பியச் சேத்துக்கங்க, நான் பொறுப்பு" என்று சொல்லி உள்ளே நுழைத்துவிட்டாள். இந்த வேலையும் போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

மச்சானுக்கு போன் போட்டேன். காலையில் சரக்கை இறக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த சைட்டுக்கு அளவெடுக்கப் போய்விடுவார், சாயங்காலம்தான் திரும்ப வருவார்.

"மச்சான், ஜாயிண்ட்ல ஓட்டைங்க. எவனோ அறுத்திருக்கானுங்க."

"காக்கா கொத்தியிருக்கும் மாப்ள. பேட்ச் போட்டுட்டு சோலியப் பாரு."

"காக்கா ஸ்கேல் வெச்சுக் கொத்துமாங்க?"

"அட, பேட்ச் போடு மாப்ள" என்று வைத்துவிட்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு பேட்ச் போட்டேன். கை வேலை செய்ததே தவிர, புத்தி முழுக்க அறுத்தவன் பின்னால்தான் போனது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது.

முதலில் சந்தேகப்பட்டது சோலார்காரர்களை. மாடியின் ஒரு ஓரத்தில் அவர்களுடைய ஸ்டாண்டு வரப்போகிறது. மூன்று பேர் வந்து நடந்து நடந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருத்தன் குனிந்து ஷீட்டைத் தடவினான். எதற்குத் தடவ வேண்டும்? "என்னுங்க தொட்டுப் பாக்கறீங்க?" என்றேன். "வழுக்குமான்னு பார்த்தேனுங்க" என்றான். நல்ல பதில்தான். பதில் நல்லதாக இருந்ததாலேயே எனக்கு இன்னும் சந்தேகம் கூடியது.

அடுத்து வாட்ச்மேன். எங்களுக்கு முன்னால் மாடிக்குத் தார் பூசிக் கொடுத்தவர் அவருடைய ஒறம்பரை, நெருங்கின சொந்தம். அந்த ஆள் பிழைப்பில் மண் விழுந்த கோபம் இருக்குமல்லவா? டீ வாங்கிக் கொடுத்து வாயைப் பிடுங்கினேன். "ஏனுங்க தம்பி, இந்த முட்டிக்கு நான் மாடி ஏறி வருசமாச்சுங்க" என்று வேட்டியைத் தூக்கி வீங்கின முட்டியைக் காட்டினார். அந்த முட்டியைப் பார்த்தும் எனக்குப் பாதிதான் நம்பிக்கை வந்தது.

ரெண்டு நாள் கழித்து இன்னொரு ஓட்டை. அதே அகலம், அதே நீளம். அதற்கப்புறம் இன்னொன்று. எல்லாமே நான் ஒட்டின ஜாயிண்டிலேயே. எனக்கு ஒரு பக்கம் பயமாகவும் வந்தது. யாரோ என்னை விரட்டப் பார்க்கிறார்கள், இந்த வேலையும் நிலைக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு செய்கிறார்கள் என்று தோன்றியது.

வெள்ளை ஷீட்டில் ஒரு சௌகரியம், தூசுக் காலோடு ஏறினால் தடம் அப்படியே விழும். ஒரு நாள் சாயங்காலம் மாடி முழுக்கத் துணி போட்டுத் துடைத்துவிட்டுத்தான் இறங்கினேன். நான் காரமடை பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று நேரத்திலேயே கிளம்பிவிடுவேன். மச்சான் நின்று ஹீட் கன்னை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து, மாடிக் கதவைப் பூட்டிவிட்டு, கிட்டத்திலேயே இருக்கிற வீட்டுக்குப் போவார். மறுநாள் காலையில் ஏறிக் குனிந்து தடம் பார்த்தேன். போலீஸ் நாய் தோற்றுவிடும், அப்படிப் பார்த்தேன். என் செருப்புத் தடம், மச்சான் செருப்புத் தடம். வேறு ஒரு தடமும் இல்லை. ஆனால் புதிதாக ஓர் ஓட்டை இருந்தது.

கைப்பிடிச் சுவர் மேலேயே நடந்து வந்திருப்பானோ என்று சுவரைப் போய்ப் பார்த்தேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமையோடு வேலை முடிந்தது. கடைசி ஜாயிண்டையும் ஒட்டி, மாடி முழுக்க ஜாயிண்ட் ஜாயிண்டாக ஊசி விட்டுப் பார்த்துவிட்டு, மனது நிறைந்துதான் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மழை கொட்டியது. காரமடையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெய்யட்டும் பெய்யட்டும், நம்ம மாடி தாங்கும் என்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் ஒர்க்‌ஷாப் முதலாளியே போன் செய்தார். நானும் மச்சானும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். உள்ளே புது சி.என்.சி. மெஷின் மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்தில் வாளி. மேலிருந்து சொட்டு சொட்டென்று விழுந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர்க்காரர்கள் திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுவார்கள். அதுதான் இன்னும் சுருக்கென்று தைக்கும். "ஏனுங்க, பழைய தளத்துல ஒழுகினதுக்கு நாங்களே பழகிட்டோமுங்க. உங்களக் கூப்புட்டு, காசச் செலவு பண்ணி ஒழுக வெச்சுக்கோணுமாங்க?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்.

மூன்று பேரும் மாடிக்கு ஏறினோம். சனிக்கிழமை நான் கடைசியாக ஒட்டின ஜாயிண்டில், தண்ணீர் இறங்குகிற குழாய்க்குப் பக்கத்தில், ரெண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை. மழைத் தண்ணீர் அத்தனையும் அந்த வழியாகப் போய், ஷீட்டுக்கு அடியில் ஓடி, தளத்து விரிசலில் இறங்கியிருக்கிறது.

"இந்த எடத்த ஒட்டினது யாருங்க?" என்றார் முதலாளி.

மச்சான் ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "மாப்ள ஒட்டினதுங்க" என்றார்.

பொய் இல்லை. நான் ஒட்டினதுதான். ஆனால் கேள்விக்கு அதுவா பதில்?

"அப்ப இனிமே இந்தத் தம்பி என்ற மாடில கால் வெக்க வேண்டாமுங்க. பக்கத்து ஷெட்டுக்காரரும் உங்களத்தான் கேட்டுட்டிருக்காரு. அவர்கிட்டயும் சொல்லிப்போடுவேன்."

கணபதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்ன சொல் மத்தியானத்துக்குள் எல்லா ஒர்க்‌ஷாப்புக்கும் போய்விடும். நான்காவது பிழைப்பும் போச்சு. "மொதல்ல இதுக்கு பேட்ச் போட்டுடலாமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மச்சானிடம் சாவியை வாங்கிக்கொண்டு ஹீட் கன் எடுக்கக் கீழே இறங்கினேன்.

சீட்டைத் தூக்கினேன். கன்னுக்கு அடியில் ஒரு துணிக்கடைப் பை மடித்துக் கிடந்தது. ரோலர் இருக்குமென்று கையை விட்டால், வெள்ளைத் துண்டுகள். ரெண்டு விரல் அகலம், உள்ளங்கை நீளம். ஒவ்வொரு துண்டையும் எவரோ ரெண்டு பக்கமும் பிடித்து, பலம் கொண்ட மட்டும் பிய்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஷீட் கிழிந்து உள்ளே இருக்கிற நூல் வலை வெளியே தெரிந்தது. ஒட்டின இடம் மட்டும் ஒட்டினபடியே இருந்தது. ஒன்றுகூடப் பிரியவில்லை. எங்கள் தொழிலில் ஒட்டு நன்றாக இருக்கிறது என்றால் அதுதான் அடையாளம், ஷீட் கிழியும், ஒட்டு விடாது. ஒரே ஒரு துண்டு மட்டும் இழுக்காமல் புதிதாக இருந்தது. சனிக்கிழமைத் துண்டு.

சோலார்காரனைச் சந்தேகப்பட்டேன், முட்டி வீங்கின கிழவரைச் சந்தேகப்பட்டேன், காக்காயைக்கூட ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். கூடவே வேலை செய்கிறவர் பக்கம் மட்டும் என் புத்தி போகவே இல்லை. போயிருந்தாலும் நானே அதை அடக்கியிருப்பேன். அக்கா வீட்டுக்காரராயிற்றே.

பையோடு மேலே போனேன். முதலாளியிடம் நீட்டிவிடலாம், ஒரு வார்த்தையில் என் பெயர் சுத்தமாகிவிடும். மச்சான் பெயர் நாறிவிடும். அக்கா வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. மாடிப்படி முழுக்க இதையே யோசித்துக்கொண்டுதான் ஏறினேன். மேலே போனதும் அந்தப் புதுத் துண்டை மட்டும் எடுத்து மச்சான் கையில் வைத்தேன்.

"இழுங்க மச்சான். இவரு முன்னாலயே இழுங்க."

அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். இழுத்தார். கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். ஷீட் பர்ரென்று கிழிந்தது. ஒட்டு அப்படியே இருந்தது.

"நாந்தானுங்க வெட்டினேன்" என்றார் முதலாளியிடம். "ஒட்டு புடிச்சிருக்குதான்னு பாக்கறதுக்கு. இன்னைக்கு வந்து பேட்ச் போட்டுக்கலாம்னு இருந்தேனுங்க. அதுக்குள்ள மழை வந்துருச்சு."

"பாத்தீங்களே, புடிச்சிருந்துச்சாங்க?"

"எல்லாமே புடிச்சிருந்துச்சுங்க."

"அப்பறம் என்னத்துக்குங்க மறுக்கா மறுக்கா வெட்டினீங்க?"

மச்சான் குனிந்து ஓட்டையின் ஓரத்தைத் துடைக்க ஆரம்பித்தார். நானும் அதே கேள்வியோடுதான் நின்றேன். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, "சரிசரி, ஒட்டிக் குடுத்துட்டுப் போங்க, நல்ல கெரகம்டா சாமி" என்று கீழே போய்விட்டார். என்னை வர வேண்டாம் என்று அப்புறம் சொல்லவில்லை.

பேட்ச் போட்டு முடித்து இறங்கினோம். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அவரே சொன்னார். "உங்கக்காதான் மாப்ள. நல்லா ஒட்டறான்னு நான் சொன்னா நம்ப மாட்டீங்கறா. துண்டு எடுத்துட்டு வாங்க, நானே பாக்கறேன்னா. அடுப்பு வேலைய உட்டுப்போட்டு வந்து அவளே இழுத்துப் பாப்பா. சனிக்கெழமையே ஒறம்பரைக வந்துட்டாங்க, அதனால பாக்கல."

நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். துண்டுகளை அவள் முன்னால் கொட்டினேன்.

அவள் மறைக்கவில்லை, தலையைக்கூடக் குனியவில்லை. "ஆமா, நாந்தான். சேத்துக்கங்கன்னு சொன்னது நானு. உன்னால அவிய பேரு கெட்டுச்சுன்னா எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் இந்த ஊட்ல இருக்கறது?"

"இத்தனையும் இழுத்துப் பாத்தியேக்கா, ஒண்ணாவது பிரிஞ்சுதா?"

"இல்ல கண்ணு."

"அப்பறம்?"

தோசையைத் திருப்பிப் போட்டாள். "என்ன பண்றது கண்ணு, பாத்தாலும் நம்பிக்கை வரமாட்டீங்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவள் பாசமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தத் தோசையை எடுத்து எனக்கே தட்டில் வைத்தாள். முதலாளி கேட்டதைவிட, மச்சான் வெட்டினதைவிட, எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வாசலிலிருந்து மச்சான் எட்டிப் பார்த்து, "மாப்ள, நாளைக்குப் பக்கத்து ஷெட்டுக்குச் சரக்கு ஏத்தோணும். நேரமா வந்துரு" என்றார்.

"நான் வரலீங்க மச்சான். நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க" என்று எழுந்தேன்.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? நெலைக்க மாட்டான்னு நான் சொல்லல?"

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்கே வேலைக்குப் போனேன். இன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். தொழில் பிடித்துப் போகிறேனா, இல்லை அவள் சொன்னது பலித்துவிடக் கூடாதென்று போகிறேனா என்று எனக்கே இன்னும் சந்தேகம் தீரவில்லை.