ஒரு வார்த்தையும் விடாதவர்

எங்கள் வார இதழில் பக்கம் வடிவமைப்பவரை எல்லோரும் அமுக்கி என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்து நாற்காலிக்காரன் என்ற உரிமையில் அந்தப் பெயரை வைத்தவன் நான். கட்டுரை நாலு வரி வழிந்தால் மற்றவர்கள் நாலு வரியை வெட்டுவார்கள். அமுக்கி வெட்டமாட்டார். சொற்களுக்கு நடுவே இருக்கும் இடத்தைத் தின்றுகொண்டே வருவார். வழிந்தது உள்ளே போய்விடும். "ஒரு வார்த்தை போகலை பாருங்க" என்று பல் தெரியச் சிரிப்பார்.

இதழாசிரியருக்கு அவர் செல்லப்பிள்ளை. தலையங்கம் என்றைக்குமே பக்கத்தில் அடங்கியதில்லை. அதில் ஒரு கமா குறைந்தாலும் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். படிக்க முடியவில்லை என்று புலம்பிய வாசகர்களுக்கு ஒருமுறை வருத்தம்கூடத் தெரிவித்தோம். அதற்கும் இடம் போதவில்லை. "தவறுக்குமனமார வருந்துகிறோம்" என்று வந்தது.

அமுக்கியின் மனைவி பல காலமாகக் கதை எழுதி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தவர். ஒன்றைத் துணிந்து எங்களுக்கு அனுப்பினார், தேர்வாகிவிட்டது. தான் எழுதியதை நாலு பேர் படிக்கவேண்டும், அவர் ஆசை அவ்வளவுதான்.

பக்கம் முடிகிற நேரத்தில் ஒரு மெத்தைக் கடை விளம்பரம் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது.

"கதையில ரெண்டு பத்தி எடுத்துடுங்க" என்றார் ஆசிரியர்.

"என் பொண்டாட்டி எழுதினது சார். ஒரு எழுத்தை எடுக்கமாட்டேன்."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார் அமுக்கி. "மழைவிட்டதும்அவள்வாசலுக்குவந்துநின்றாள்" என்று தொடங்கி, மெத்தையின் விளிம்புவரை மொத்தக் கதையும் ஒரே சொல்லாகப் போய்ச் சேர்ந்தது.

பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. ஓலைச்சுவடி மரபின் மறுபிறப்பு என்றார் ஒரு பேராசிரியர். மூச்சுமுட்டும் வாழ்வுக்கு மூச்சுமுட்டும் நடை என்றார் ஒரு விமர்சகர். ஆசிரியர் அமுக்கியின் மனைவிக்கு இன்னொரு கதை கேட்டு எழுதி, 'இதே நடையில்' என்பதற்கு அடிக்கோடு போட்டார்.

அந்த அம்மா நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அமுக்கி ஓடிப்போய் நாற்காலி போட்டு, கடிதக் கட்டை அவர் கையில் கொடுத்தார். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் படித்தார். முகம் மலரவில்லை.

"இதுல ஒருத்தர்கூட கதையைப் பத்திப் பேசலையே."

"என்னம்மா இப்படிச் சொல்றே? ஒரு வார்த்தை விடாம போட்டிருக்கேன்!"

"சரி, நீங்களாவது படிச்சீங்களா? கடைசியில அவ வீட்டை விட்டுப் போனாளா, இருந்தாளா?"

அமுக்கி என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் தெரியுமா என்ன? மேசைக்கடியில் செருப்பைத் தேடுகிறவன்போல் குனிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது.

"இருந்தா... இருந்தாதானே?" என்றார் அமுக்கி.

அந்த அம்மா கடிதங்களை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"முழுசாப் படிச்சிட்டு வீட்டுக்கு வாங்க."

அவர் போனதும் அமுக்கி இதழை விரித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். முதல் வரியிலேயே திணறினார்.