எருமை விற்ற கதையில் அழுதது யார்?

ஆழியாற்றுத் தண்ணீர் ஒரு மாசம் தள்ளி வந்த வருஷம். வாய்க்காலில் வாழைமரம் இரண்டு குலையோடு மிதந்து வந்தன. யார் வீட்டுக் கலியாணப் பந்தலில் கட்டியதோ, கடைசிவரை தெரியவில்லை. குலையைப் பழுக்கப் போட்டுத் தின்றோம். நல்ல பூவன். அந்த வாரம்தான் என் மச்சினனுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். "வாழைக் குலை எதுக்குங்கப்பா இதுல?" என்கிறாள். குலையைச் சொன்னால்தான் எனக்கு வருஷம் ஞாபகம் வரும்.

மச்சினன் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. பெருமாட்டியில் அவன் தோப்பும் என் தோப்பும் ஒரே வேலி. கொல்லங்கோட்டுச் சாயாக்கடையில் அவன் வாயைத் திறந்தால், கையிலிருக்கும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்பார்கள். வாயில் சாயாவோடு சிரித்துப் புரையேறியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட நாக்கு.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபோது கால் தேறிவிட்டது, கையும் முக்கால்வாசி தேறிவிட்டது. பேச்சுதான் கோணலாக வந்தது. "தொண்டையில் ஒன்றும் இல்லை, பேசப் பேசத்தான் சரியாகும், பேச வையுங்கள்" என்று டாக்டர் சொல்லியனுப்பினார். வீட்டுக்கு வந்த அன்று தண்ணீர் கேட்டான். தண்ணி என்கிற சின்னச் சொல் நாலாக உடைந்து வந்தது. பார்க்க வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை, வந்துவிட்டது. அன்றைக்கு மூடின வாய்தான். தலையாட்டுவான், கையைக் காட்டுவான், மிஞ்சிப்போனால் ஒரு சொல்லின் முதல் எழுத்து, அவ்வளவுதான்.

"ஏனுங்ணா, இப்படியே உட்டா நாக்கு மரத்தே போயிருமுங்களா?" என்று அவன் வீட்டுக்காரி என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? "அதெல்லாம் வந்துரும் அம்மிணி" என்றேன். அப்படிச் சொல்லியே நெல் அறுவடையும் முடிந்துவிட்டது.

பெங்களூரில் இருக்கும் அவர்கள் மகன் லீவுக்கு வந்தவன், போனில் ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். நாம் பேசினால் அது பேசும். கதை கேட்டால் கதை சொல்லும். ஆள் இல்லை, மிஷின்தான் சொல்கிறது என்றான். போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். ரேடியோவில் நியூஸ் வாசிக்கிற தமிழ் அதற்கு. ராஜா கதை, முயல் கதை, குருவிக் கதை என்று அலுக்காமல் சொன்னது. எந்தக் கதையிலும் கடைசியில் ஒருவன் திருந்துவான். மச்சினன் தென்னை மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நீங்க அதுக்கு ஒரு கதை சொல்லுங்ணா. அவரும் கேட்ட மாதிரி இருக்குமில்ல" என்றாள் அவன் வீட்டுக்காரி. எருமை விற்ற கதையை எடுத்தேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் நடந்தது. ஆனால் கதையின் உயிரான கடைசிப் பேச்சு மச்சினனுடையது.

"நானும் என்ற மச்சினனும் ஒரு எருமைய ஓட்டிக்கிட்டுப் பொள்ளாச்சி சந்தைக்குப் போனமுங்க" என்று சொல்லி மூச்சு வாங்கினேன்.

"அருமை! அந்த எருமை உங்கள் குடும்பத்தில் ஒருவராகவே வாழ்ந்திருக்கும்" என்றது.

"குடும்பத்துல ஒருத்தரா? எங்க ஊட்டுல ரண்டு பேர முட்டுச்சு! அதனாலதான விக்கப் போனோம்."

"மன்னிக்கவும். தொடருங்கள்."

நான் மெதுவாகச் சொல்கிறவன். நடுவில் கொஞ்சம் சும்மா இருப்பேன். அது கதையில் சேர்ந்ததுதான். அந்த மிஷினுக்கோ சும்மா இருந்தால் பொறுக்கவில்லை. மீனாட்சிபுரத்தில் நின்றோம் என்று சொல்லி நிறுத்தினால், "அங்கே ஏதேனும் ஆபத்து காத்திருந்ததா?" என்றது.

"ஆபத்தில்ல. சாயா."

எருமையை விற்றுவிட்டு, சந்தையிலேயே படுத்து, மறுநாள் பஸ்ஸில் திரும்பினோம். வந்து பார்த்தால் கட்டுத்தறியில் எருமை நின்று வைக்கோல் தின்கிறது. எங்களுக்கு முன்னாலேயே நடந்து வந்துவிட்டது. விடிந்ததும், வாங்கினவன் ஆள்கூட்டத்தோடு வந்து வாசலில் சத்தம் போட்டான். மச்சினன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

இந்த இடத்தில் நான் எப்போதும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவேன். மொத்தக் கடையும் காத்திருக்கும். அன்றைக்கும் தடவினேன். மிஷின் முடித்துவிட்டது.

"உங்கள் மச்சினர் கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்டார். நேர்மையே உயர்ந்தது என்பதை அனைவரும் உணர்ந்தார்கள். என்ன அழகான கதை!"

நாற்காலி கிறீச்சிட்டது.

"ஆ... ஆரு... அழுதா?"

மச்சினன்தான். சொல் கோணல்தான், ஆனால் கோபம் நேராக வந்தது. உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த அவன் வீட்டுக்காரி ஓடி வந்தாள். நான் வழக்கம்போல அவனுக்காகப் பேச வாயெடுத்தேன். "சும்மா இருங்ணா" என்று மாவுக் கையாலேயே சைகை காட்டினாள்.

"மன்னிக்கவும், சரியாகப் புரியவில்லை. மீண்டும் சொல்ல முடியுமா?" என்றது மிஷின்.

மீண்டும் சொன்னான். மீண்டும் கேட்டது. சலிப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை, முதலில் கேட்ட அதே குரல். நாங்கள் இத்தனை மாசமும் அவன் 'த' என்றால் தண்ணீரைக் கொண்டுபோய் நீட்டியவர்கள். மீதிச் சொல்லைச் சொல்ல அவனுக்கு வேலையே வைக்கவில்லை. மிஷின் என்னை முந்திக்கொள்கிறது என்று குமைந்துகொண்டிருந்த நானும் அதையேதான் அவனுக்குச் செய்திருக்கிறேன்.

"ஆரும்... அழுவல. நாஞ்... சொன்னேன்." நெற்றியெல்லாம் வேர்வை. "எருமையத்தான்... வித்தோம். எருமையோட... மனசையுமா... வித்தோம்?"

சாயா ஆறுகிற நேரம் பிடித்தது, அதைச் சொல்லி முடிக்க.

"மிகச் சிறந்த பதில்!" என்றது மிஷின். அதன் பேச்சில் எனக்கு ஒத்துப்போன முதல் பேச்சு அதுதான். அவன் வீட்டுக்காரி அழுதுகொண்டே சிரித்தாள், முகமெல்லாம் மாவு. மிஷின் விடவில்லை. "அதற்குப் பிறகு எருமை என்ன ஆனது?"

இத்தனை வருஷத்தில் சாயாக்கடையில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை. மச்சினனின் அந்தப் பேச்சோடு எல்லாரும் சிரித்து எழுந்து போய்விடுவார்கள்.

"ஓட்டீட்டுப்... போனான்" என்றான் மச்சினன். கொஞ்சம் நிறுத்தினான். மிஷின் வாயெடுப்பதற்குள், "மறுக்காவும்... வந்திருச்சு!"

இப்போது தினமும் அவனுக்கு மிஷினோடு சண்டைதான். "பேச வையுங்கன்னு சாமி கும்பிட்டேன், இப்ப நிறுத்த ஒரு சாமி வேணுமுங்ணா" என்கிறாள் அவன் வீட்டுக்காரி. சில சொற்கள் இன்னும் உடைந்துதான் வருகின்றன. ஆனால் வருகின்றன. நானும் வேண்டுமென்றே, அன்றைக்கு நான்தான் பதில் சொன்னேன் என்று தொடங்குவேன். "பொய்யி, மாமா, பச்சப்பொய்யி!" என்பான், முழுசாக. கதையும் முன்னைவிட நீண்டுவிட்டது. மிஷின் ஒரு பக்கம் இழுக்க, அவன் ஒரு பக்கம் இழுக்க, விட்டுப்போன துண்டெல்லாம் வந்து ஒட்டிக்கொள்கிறது.

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படி வாய் மூடி உட்கார்ந்திருக்கிறவர் யாராவது இருந்தால், வீட்டுக்காரர்களிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். மிஷின் வேண்டுமென்றுகூட இல்லை. அவருடைய கதையை அவர் முன்னாலேயே தப்பாகச் சொல்லச் சொல்லுங்கள். அவர் வாயெடுத்ததும், எவ்வளவு நேரமானாலும் சும்மா இருக்கச் சொல்லுங்கள்.