மாமா போட்ட வேன் கண்ணாடி

எங்கள் வீட்டில் யாராவது ஒரு வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டு மார்தட்டிக்கொண்டால், "மாமா வேனுக்குக் கண்ணாடி போட்ட மாதிரி" என்று இன்றைக்கும் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. மாமா போட்ட கண்ணாடி கழன்று விழவில்லை. ஒரு சொட்டு மழைத்தண்ணீரைக்கூட உள்ளே விடவில்லை. பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான். நாற்றம் அடித்தது என்பது வேறு விஷயம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் அப்போது சின்னப் பெண். நாங்கள் ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அப்பா ஓர் ஆலையில் லோரி ஓட்டினார். வீட்டுக்கென்று ஒரு பழைய ஜப்பான் வேனை வாங்கியிருந்தார். பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் கதவு அதற்கு. அந்தக் கதவைத் திறந்து மூடிக் காட்டவே அப்பா எங்களைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார் என்று அம்மா கேலி செய்வார்.

வேன் வந்த பிறகு அப்பாவுக்கு இருந்தது ஒரே கவலைதான். அத்தையின் கல்யாணம். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. தோட்டத்தில் இருந்தவரை ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர், ஈப்போ வந்ததும் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்துகொண்டார். முந்தைய வருஷம் ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. பேச்சுவாக்கில் நாங்கள் தோட்டத்து ஆட்கள் என்று தெரிந்ததும், ஊற்றி வைத்த காப்பியைத் தொடாமலேயே எழுந்து போய்விட்டார்கள். அத்தை அழவில்லை. அத்தனை கிளாஸ் காப்பியையும் ஒவ்வொன்றாகக் கால்வாயில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அவர்கள் மேல் எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்றுவரை தணியவில்லை.

இப்போது வந்திருப்பது சிலிம் ரிவர் ஊர்ச் சம்பந்தம். மாப்பிள்ளை அரசாங்க ஆபீசில் கிராணி. அவருடைய அப்பா தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டவுன் பெண்தான் வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை என்று தரகர் சொல்லியிருந்தார்.

"நாம ஈப்போக்காரங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார் அப்பா.

"மறைச்சு எத்தன நாளைக்கு அண்ணே?" என்று கேட்டார் அத்தை.

"கல்யாணம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தோட்டம் என்ற சொல்லுக்குத் தடை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு இருமுறை எச்சரித்தார்கள். நான் அவ்வளவு பேசுகிறவள் என்று பெயர். அதோடு அப்பா இன்னொரு காரியமும் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வாருங்கள், ஸ்டேஷனுக்கு எங்கள் வேனே வரும் என்று தரகரிடம் பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் வேனைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தோம். சாலையோரத்தில் ஒரு ஆள் தோளில் மாட்டிய இயந்திரத்தால் புல் வெட்டிக்கொண்டே போனார். படாரென்று ஒரு சத்தம். இயந்திரத்தில் சிக்கிய கல் ஒன்று பறந்து வந்து இழுகதவின் கண்ணாடியில் அடித்திருந்தது. கண்ணாடி முழுதும் கற்கண்டு கற்கண்டாக உதிர்ந்து இருக்கையெல்லாம் கிடந்தது. நாளைக்கு நல்ல காரியம், இன்றைக்குப் போய் கண்ணாடி உடையலாமா என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அட்டையை வைத்து ஒட்டிச் சமாளிக்கலாம் என்று அத்தை சொன்னதற்கு, அட்டை ஒட்டின வேனில் சம்பந்தி வீட்டாரை ஏற்றுவதா என்று அப்பா எரிந்து விழுந்தார்.

அப்போதுதான் மாமா வந்தார். மாமா அம்மாவின் தம்பி. அவருக்குத் தெரியாத வேலை உலகத்தில் கிடையாது. தெரியாவிட்டாலும் செய்துவிடுவார்.

"இதுக்கா மொகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க மச்சான்? நாளைக்குக் காலையில கண்ணாடி இருக்கும். நான் இருக்கேன்லா" என்றார்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சீன முதலாளியான தவுக்கேயிடம் போனோம். நானும் போனேன். நான் இல்லாமல் அந்தக் காலத்தில் மாமா எங்கும் போனதில்லை. தவுக்கே குவியலுக்குள் புகுந்து அதே ரக வேனின் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் கண்ணாடியைச் சுற்றிக் கதவோடு கவ்விப் பிடிக்கும் ரப்பர் பட்டை அவரிடம் இல்லை. எங்கள் கதவில் இருந்த பழைய பட்டை காய்ந்துபோய் மூலைகளில் பிளந்து கிடந்தது. "கெத்தா தாடா லா" என்று கையை விரித்தார். ரப்பர் இல்லை, அடுத்த வாரம் வரும் என்று மலாயில் விளக்கினார்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கெத்தா இல்லையாம் மச்சான்! யாருகிட்ட வந்து சொல்றான் பாருங்க. இந்த நாட்டுக்கே கெத்தா எடுத்துக் குடுத்தவங்க நாம!"

கண்ணாடியை மாட்டும் முறையை மட்டும் தவுக்கேயிடம் கேட்டுக்கொண்டு, மாமா மோட்டார் சைக்கிளில் நேராக நாங்கள் விட்டு வந்த தோட்டத்துக்கே போனார். சாயங்காலம் ஒரு பிஸ்கட் தகரத்தில் ரப்பர் பாலும், அதை உறைய வைக்கும் ஆசிட் கொஞ்சமும், ஒரு பை நிறையக் கோட்டுப்பாலும் கொண்டு வந்தார். மரத்தில் வெட்டிய கோட்டிலேயே வழிந்து காய்ந்த பால் மறுநாள் நாடாபோல நீளமாக உரிந்து வரும். அதுதான் கோட்டுப்பால். இழுத்தால் முழ நீளத்துக்கு நீளும்.

கண்ணாடியைச் சுற்றிப் பழைய பட்டையைப் பொருத்தி, பட்டையின் பள்ளத்துக்குள் ஒரு கயிற்றைச் செலுத்தி, சுற்றிலும் சவர்க்காரத் தண்ணீரைத் தடவினார் மாமா. அவரும் அப்பாவும் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்தினார்கள். உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுத்தவள் நான். கயிறு வர வர, ரப்பரின் விளிம்பு தகரத்தின் மேல் ஏறி ஏறி உட்கார்ந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை. பிளந்த மூலைகளில் மாமா கோட்டுப்பாலைத் திணித்தார். அதன் மேல் பாலைத் தூரிகையால் பூசினார். ஆசிட்டைத் தொட்டு வைத்ததும் பால் இறுகியது. தட்டிப் பார்த்தார். கல்போல் நின்றது.

இரவு மழை வரும்போல் இருந்ததால் வேனை நன்றாக மூடி வைத்தார்கள். காலை வெயில் ஏறியபின் அப்பா கதவை இழுத்தார். இழுத்தவர் அப்படியே இரண்டடி பின்னால் வந்தார்.

இப்படிக் காய்ந்தும் உறைந்தும் போன ரப்பர் பாலைச் சேர்த்துக் கட்டிய ஒட்டுப்பால் மூட்டைகள் அடுக்கிய கொட்டகைக்குள் நுழைந்தவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லி விளங்க வைக்க முடியாது. புளிப்பும் அழுகலுமாகத் தொண்டைக்குள் இறங்கும். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "வேணாம் வேணாம்னு இருக்கோம், நீ தோட்டத்தையே தூக்கிட்டு வந்து வேன்ல வச்சிருக்கியேடா!" தடைபோட்ட சொல்லை முதலில் சொன்னது அம்மாதான். நான் இல்லை.

கண்ணாடியை எடுத்துவிடலாம் என்று பார்த்தால் அது வருவதாக இல்லை. சாம்பிராணி போட்டார்கள், எலுமிச்சையை அறுத்துத் தேய்த்தார்கள், முகப்பவுடர் டப்பாவையே கொட்டினார்கள். எல்லாம் சேர்ந்து நாற்றத்துக்கு இன்னும் பலம் வந்தது. அத்தை மட்டும் வாசலில் நின்று வேனையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுச்சேலை கட்டியிருந்தார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அப்பா எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்தார். அந்தக் கண்ணாடி ஓரத்து இருக்கையில் நான்தான் உட்கார வேண்டும். வேறு யாரையும் அங்கே விடக் கூடாது. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு போனேன். மாமாவும் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

ஸ்டேஷனில் மூன்று பேர் இறங்கினார்கள். மாப்பிள்ளை தலை குனிந்தபடி முன்னால் அப்பாவின் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா கஞ்சி போட்ட சட்டையும் மடித்த கைக்குட்டையுமாகப் பின் இருக்கைக்குப் போய் மாமாவின் பக்கத்தில் அமர்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"ஜன்னல் பக்கம் விடு கண்ணு. எனக்குக் காடியில போனா தல சுத்தும்."

"முடியாது. இங்க நான்தான் உக்காரணும். அப்பா சொன்னாங்க" என்றேன்.

அப்பா கண்ணாலேயே என்னை எரித்தார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே என்னை அப்படியே தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். மாமா பின்னாலிருந்து எட்டிக் கதவை மெதுவாக இழுக்கப் பார்த்தார். அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா ஓங்கி இழுத்தார். டமார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடி அசையவே இல்லை. மாமாவின் முகத்தில் அப்போது வந்த பெருமிதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வேன் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போவதற்குள் மாப்பிள்ளையின் அப்பா கைக்குட்டையை மூக்கில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"என்ன இது? ஒட்டுப்பால் நாத்தம் மாதிரியில்ல இருக்கு?" என்றார்.

அப்பாவின் பின்கழுத்தில் வேர்வை வழிவது எனக்குத் தெரிந்தது. காப்பியைத் தொடாமல் போனவர்கள் ஞாபகம் வந்து எனக்கு அழுகை முட்டியது. வாயைத் திறக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

என்னை அணைத்திருந்த அந்த அம்மாவின் கை கண்ணாடி ஓரத்துக்குப் போனது. மூலையில் பிதுங்கியிருந்த கோட்டுப்பாலைக் கட்டைவிரலால் தடவினார். நுனியைப் பிய்த்து விரல்களுக்கிடையே உருட்டினார். பார்க்காமலேயே உருட்டினார். சின்ன உருண்டையாக வந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"ஒட்டுப்பாலாவது ஒண்ணாவது" என்றார் திரும்பாமலே. "டிரெயின்ல நமக்குப் பக்கத்துல ஒருத்தன் மீன் கூடைய வச்சிருந்தான்ல. அந்தக் கவுச்சிதான் நம்ம துணியில ஏறிக்கிச்சு. என் சேலைதான் நாறுது."

"எந்த மீன் கூடை? நான் பாக்கலையே."

"நீங்க எங்க பாத்தீங்க? ஏறினதிலேர்ந்து வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்கிட்டு வந்தீங்க."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். மாப்பிள்ளைகூடச் சிரித்துவிட்டார். அப்பா வேனைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்.

வீட்டில் அத்தை காப்பித் தட்டோடு வந்தார். அந்த அம்மா முதல் ஆளாகக் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பிறகு அத்தையைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். பொண்ணிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று அம்மா பயந்து பயந்து கேட்டார்.

"கேக்குறதுக்கு என்னலா இருக்கு? நான் வேன்லயே முடிவு பண்ணிட்டேன்."

வேனில் அத்தையே இல்லையே என்று எல்லாருக்கும் குழப்பம். ஆனாலும் அவர்கள் போன பிறகு ஆளுக்கு ஆள் உரிமை கொண்டாடினார்கள். வேனின் கம்பீரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள் என்றார் அப்பா. அவ்வளவு வேகமாகக் கதவை அடித்தும் அசையாத கண்ணாடியைப் பார்த்துத்தான் என்றார் மாமா. நான் இருவரையும் நம்பவில்லை. அந்த அம்மாவின் மடியில் உட்கார்ந்து வந்தவள் நான். என்னைப் பிடித்துப்போனதால்தான் அத்தையையும் பிடித்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தவுக்கேயிடம் புது ரப்பர் வந்ததும் கண்ணாடியை முறையாக மாட்டினார்கள். மாமா வைத்ததைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆனது. அதையும் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

நான் ஒன்றை மட்டும் உறுதியாக நம்பியிருந்தேன். நாற்றம் எங்களுடையது அல்ல, அவர்களுடையது. அந்த அம்மாவே தன் சேலைதான் நாறுகிறது என்று சொன்னபிறகு வேறென்ன? பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அவருக்கு மீன் பாட்டி என்று பெயரும் வைத்தேன். அந்த வீட்டு அடுப்பில் மீன் ஏறியதே இல்லை என்று அத்தை எனக்குச் சொன்னது நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான். மகனுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டபோது வேண்டிக்கொண்டு கவுச்சியை விட்டவராம். கல்யாணத்துக்கு முன்னால் அவரும் பால்மரம் வெட்டியவராம். அந்தப் பேச்சை எடுத்தாலே அவர் கணவருக்கு ஆகாதாம்.

இதெல்லாம் தெரியாத நான், கல்யாணத்தன்று மண்டபத்தில் அத்தனை பேர் நடுவில் அவரைப் பார்த்ததும், "மீன் பாட்டி!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அம்மா பதறிப்போய் என் வாயைப் பொத்தினார். மாப்பிள்ளையின் அப்பா திரும்பிப் பார்த்தார். மீன் பாட்டி தன் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவின் கையை என் வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"கூப்பிடட்டும்லா. அதான் என் பேரு" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து அம்மாவுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன்.