‘அப்பா’வை ‘நைனா’ என்று படித்தவள்

பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் ஓடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மெதுவாகப் படிக்கத் தெரியாது. தறிச் சத்தத்துக்கு மேலே குரலெடுத்துப் பேசியே வளர்ந்தவர்கள். கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ஏலம் விடுகிற மாதிரிக் கத்துவார்கள். மளிகைக் கடை மாடியில் மாலை நேரங்களில் நான் நடத்திய வகுப்பு, கீழே பருப்பு வாங்க நிற்பவர்களுக்கும் சேர்த்துத்தான் நடந்தது. “இன்னா வாத்தியாரே, நேத்து அந்த நரி செத்திச்சா இல்லியா? பாதியில வுட்டுட்டு பஸ் ஏறிட்டியே” என்று ஒரு நாள் கடைக்காரரே கேட்டார்.

எனக்குச் சம்பளம் கிடையாது. ஊர் கே.ஜி.கண்டிகை. அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் வேலை செய்கிறவர்கள். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். திருத்தணியில் பி.ஏ. முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, சென்னையில் இருந்த ஒரு தொண்டு அமைப்பு, பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆசை உண்டாக்க இளைஞர்கள் தேவை என்றது. போய்ச் சேர்ந்தேன். ஆசை உண்டாக்குவதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

வந்த பிள்ளைகளில் ஒருத்தி எட்டாம் வகுப்பு. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போவாள், மறுநாள் கொடுத்துவிட்டு வேறு வாங்குவாள். படிக்கிறாளா, படம் பார்க்கிறாளா என்று எனக்குச் சந்தேகம். ஒரு வாரம் அவள் வராமல் போகவே வீட்டுக்குத் தேடிப் போனேன்.

வீட்டுக்குள்ளேயே தறிகள். அவளுடைய அக்காவைத் தை மாதத்தில் நகரிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதுவரை தார் சுற்றியது அந்த அக்காதான். தார் என்பது, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற நூல் சுற்றிய குச்சி. அது தீர்ந்தால் தறி நின்றுவிடும். அக்கா போனபிறகு அந்த இடத்துக்கு ஆள் இல்லாமல், அம்மா சமையலுக்கும் தாருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். தறிக்கும் அடுப்புக்கும் இடையே, நூல் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு இவள் தம்பிக்குக் கதை படித்துக்கொண்டிருந்தாள். கையில் நான் கொடுத்த தமிழ்ப் புத்தகம். வாயில் வந்தது தெலுங்கு.

நின்று கேட்டேன். கண் தமிழில் ஓடுகிறது, பக்கம் சரியாகப் புரள்கிறது, குரல் முழுக்கத் தெலுங்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு நொடித் தயக்கம்கூட இல்லை. தம்பி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தெருவில் பாதி வீடுகளில் பேச்சு தெலுங்கு, படிப்பு தமிழ். ஆனால் இப்படி ஒருவரும் படித்து நான் பார்த்ததில்லை. எனக்கு மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டவே வந்ததில்லை. இவள் ஒரு மொழியைத் தின்றுவிட்டு இன்னொன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து அமைப்பின் மேடம் வந்தார். பிள்ளைகளின் வாசிப்புத் திறனைச் சோதிப்பது அவர் வேலை. அன்பானவர். எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கி வந்திருந்தார். ஒவ்வொருவரும் முன்னால் வந்து ஒரு தாளில் இருப்பதை எல்லோரும் கேட்கப் படிக்க வேண்டும். அச்சில் இருக்கிற சொல்லை அச்சில் இருக்கிறபடி சொன்னால் சரி. மாறினால் சிவப்புப் பேனா.

அவள் முறை வந்தது. தாளில் இப்படி இருந்தது: அப்பா வீட்டுக்கு வந்தார். அக்கா தண்ணீர் கொடுத்தாள். பூனை எட்டிப் பார்த்தது.

அவள் தாளைப் பார்த்தாள். வீட்டில் படிக்கிற குரலில், தெளிவாக, கடைவாசல்வரை கேட்கப் படித்தாள்: “நைனா வீட்டுக்கு வந்தார். அக்கா நீள்ளு கொடுத்தாள். பில்லி எட்டிப் பார்த்தது.”

அறை வெடித்தது. முதலில் சிரித்தது வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள்தான். அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிறவர்கள்.

“பில்லியாம்டா! பில்லி சூனியம் வெச்சிட்டாடா!”

“டேய், நைனா வந்துட்டாரு, எழுந்து நில்லுடா!”

ஒருவன் எழுந்து நின்று சலாம் வைத்தான். அவள் அவனைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். என்ன தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. வகுப்பு என்பதால் தமிழில்தான் படித்தாள், வீட்டுச் சொற்கள் மட்டும் தாமாகத் தெலுங்காகியிருந்தன. அவளைப் பொறுத்தவரை அங்கே எழுதியிருந்ததைத்தான் படித்தாள்.

“மேடம், அவ புரிஞ்சிதான் படிக்கிறா. புரியலன்னா எப்படி மாத்த முடியும்?” என்றேன்.

“புரிஞ்சா ஏன் தம்பி மாத்தணும்?” என்றார் மேடம் கனிவாக. “படத்தைப் பாத்து கெஸ் பண்றா. நிறையப் பிள்ளைங்க இப்படித்தான்.” தாளில் படமே இல்லை. அவர் பேனா ஓடி முடித்திருந்தது.

சோதனை முடிந்ததும் பிள்ளைகளைத் தரம் பிரித்து உட்கார வைப்பது முறை. எட்டாம் வகுப்புப் பெண்ணை, எழுத்து கற்றுக்கொள்ளும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். அவள் காலை மடக்கிக் குறுகி உட்கார்ந்தபோதும் அவர்களைவிடத் தலை தனியாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு சின்னவன், “அக்கா, நீ ஃபெயிலா?” என்று கேட்டான். அவன் கேலி செய்யவில்லை.

மறுநாளிலிருந்து அவள் பெயர் நைனா. தண்ணீர்க் குழாயடியில் நைனா, பள்ளிக்குப் போகும்போது நைனா. “ஏ நைனா, மீச எப்ப மொளைக்கும்?” சைக்கிளில் போகிறவன்கூடத் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டுப் போனான். அவளுடைய அப்பா டீக்கடையில் உட்கார்ந்தால், “யாரு, நைனாவுக்கே நைனாவா? இடம் வுடுங்கப்பா” என்று நகர்ந்தார்கள். அவர் சிரித்து வைப்பார். வீட்டுக்குப் போய்ச் சிரிக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு நாள் அவள் கன்னம் ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தது.

எட்டாவதுவரைதான் அந்தத் தெருப் பள்ளி. ஒன்பதாவதுக்கு ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற மேல்நிலைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அதைப் பற்றிக் கேட்கப் போனேன்.

“வாங்க” என்றார் அவள் அப்பா, தறியை நிறுத்தாமல். “மெட்ராஸு மேடமே சொல்லிட்டாங்களாமே, இவளுக்குப் படிக்க வரலன்னு. படிப்பு வராத பொண்ண ஒம்பதாவது சேத்து நான் இன்னா பண்றது? இங்க தாருக்கு ஆள் இல்ல.”

“வரும்ங்க. வந்துகினே இருக்குது.”

“வரட்டும். வந்தா பாப்போம்.”

அவள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தெருவுக்கு வந்தபோது பின்னாலேயே ஓடிவந்தாள். “அண்ணா, மேடம் மறுபடி எப்ப வருவாங்க?”

கோடை விடுமுறையில் வாசிப்புத் திருவிழா, கல்யாண மண்டபத்தில், பெற்றோர் எல்லோரும் வருவார்கள் என்றேன்.

“அதுக்குள்ள எனக்கு நைனா வராம படிக்கச் சொல்லிக் குடு.”

சொல்லிக்கொடுத்தேன். எளிதில் வரவில்லை. ‘தண்ணீர்’ என்று தொடங்கும்போதே நாக்கு ‘நீள்ளு’ என்று போய்விடும். உதட்டைக் கடித்துக்கொள்வாள், தொடையில் தானே கிள்ளிக்கொள்வாள். அப்புறம் ஒரு நாள் அவளே கண்டுபிடித்தாள். “அடுத்த வார்த்தை கண்ணுல பட்டா கதை வந்துடுது அண்ணா. கதை வந்தா தெலுங்கு வந்துடுது.”

ஆகவே கதை வராமல் செய்தோம். அக்காவின் கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து வந்தாள். நடுவில் ஒரு சொல் மட்டும் தெரிகிற அளவுக்கு ஓட்டை வெட்டினேன். அதை வரிமேல் வைத்து நகர்த்துவாள். ஓட்டையில் தெரிவது எதுவோ அதை மட்டும் சொல்வாள். முன்னே என்ன போயிற்று, பின்னே என்ன வருகிறது என்று பார்க்கக்கூடாது. நாளாக நாளாக அட்டை இல்லாமலேயே அப்படி வந்தது. தண்ணீர் தண்ணீராயிற்று. பூனை பூனையாயிற்று. ஒரு முழுக் கதையைத் தப்பில்லாமல் படித்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“கடைசில அந்தப் பையன் எங்க போனான்?” என்று கேட்டேன்.

“எந்தப் பையன்?” என்றாள். “சரியா படிச்சனா இல்லியா, அதச் சொல்லு.”

சரியாகப் படித்திருந்தாள்.

வீட்டில் தம்பி கதை கேட்டு அடம்பிடித்தானாம். புத்தகத்தை எடுத்துத் தமிழிலேயே, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி வாசித்திருக்கிறாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அம்மாவின் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். “போனா போறான். தெலுங்குல சொன்னா எனக்கு மறுபடி ஒட்டிக்கும்” என்றாள்.

திருவிழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடம் மைக்கில் இவளை, முன்பு படிக்கத் திணறிய மாணவி என்று சொல்லி அழைத்தார். “நைனா! நைனா!” என்று பின்வரிசையில் கூச்சல் எழுந்தது. அவள் மேடையேறி, முன்பின் பார்த்திராத பக்கத்தை வாங்கி, முதல் சொல்லில் விரலை வைத்தாள்.

ஒரு சொல் பிசகவில்லை. ‘அப்பா’ மூன்று இடத்தில் வந்தது. மூன்று இடத்திலும் அப்பா என்றே சொன்னாள். பஸ் நிலையத்தில் ஊர்ப் பெயர்களை அறிவிக்கிற பெட்டிக் குரல் இருக்குமே, அந்தக் குரல். அவள் படித்த கதையில் ஒரு கிழவன் செத்துப்போகிறான், அவன் நாய் அவனைத் தேடி ஊரெல்லாம் அலைகிறது. அதையும் பெட்டிக் குரலில்தான் சொன்னாள். கூச்சல் போட்டவர்களுக்குச் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. கைதட்டல் ஓய நீண்ட நேரம் ஆயிற்று. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “பாத்தீங்களா தம்பி? இதுக்குத்தான் நாம வேலை செய்றோம்.”

அவள் அப்பாவும் எழுந்து நின்று கைதட்டினார். அதைப் பார்த்தபோது, வேலை முடிந்தது என்றே நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். மண்டபத்து வாசலில் என்னிடம் வந்து, “ஒம்பதாவதுக்கும் அதே கலர் யூனிபாரமா அண்ணா?” என்று கேட்டாள்.

பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகியும் அவளைச் சேர்க்கவில்லை என்று தெரிந்து வீட்டுக்குப் போனேன். அவள் தார் இயந்திரத்தின் முன்னே உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார். எனக்கு டீ போடச் சொன்னார்.

“நல்லா படிக்கிறா வாத்தியாரே. என் காதால கேட்டேன்.”

“அதாங்க, சீக்கிரம் ஸ்கூல்ல சேத்துடலாம்.”

“எதுக்கு?”

“படிக்கத்தாங்க.”

“அதான் வந்துடுச்சே!” என்றார். உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. “படிப்பு வரலன்னு சொன்னாங்க. சரி, வரட்டும்னு ரெண்டு மாசம் வுட்டேன். இவ அம்மா ஒருத்தியே தாரும் சுத்திகினு, சோறும் ஆக்கிகினு கெடந்தா. வந்துடுச்சி. வந்தப்புறமும் போய்கினே இருக்கணுமா? பஸ்ஸு வந்தப்புறமும் ஸ்டாப்புலயே நின்னுகினு இருப்பியா நீ?”

மேலே படித்தால் நர்ஸ் ஆகலாம், டீச்சர் ஆகலாம் என்றேன்.

“நீ எது வரைக்கும் படிச்ச?”

“பி.ஏ.ங்க.”

“இன்னா ஆன?”

டீ கொண்டுவந்த அவள் அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“கோச்சிக்காத தம்பி” என்றார் அவள் அப்பா. இப்போது வாத்தியார் போய்த் தம்பியாகியிருந்தேன். “உங்க அம்மா அங்க வெயில்ல களை புடுங்கிகினு இருக்கும். நீ இங்க வந்து எம் பொண்ணுக்கு ஓசில பூனை, நாய் சொல்லிக் குடுக்கிற. இவளும் பி.ஏ. படிச்சி, யார் வூட்டுக்காவது போயி இப்டி நின்னுகினு டீ குடிக்கணுமா?”

டீ சூடாக இருந்தது. குடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு அவளிடம் போய், “நீ சொல்லேன் அப்பாகிட்ட. நீ கேட்டா சேப்பாரு” என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. “நான் கேட்டுட்டேன் அண்ணா. அவுரு சொல்றது சரியாத்தான இருக்குது. படிக்க வரணும்னுதான நீயும் சொல்லிக் குடுத்த.”

நிறைந்த தாரை எடுத்துக் கூடையில் போட்டாள். எழுந்து போய், அலமாரியில் இருந்த என் புத்தகங்களை அடுக்கி எடுத்து வந்து என் கையில் வைத்தாள். ஒன்று நடுவில் மடித்து வைத்திருந்தது. மடிப்பை நகத்தால் நீவி நேராக்கிக் கொடுத்தாள்.

“எடுத்துகினு போண்ணா. படிக்க வராதவங்க யாருக்காவது குடு.”

இயந்திரத்தில் வெறும் குச்சியைச் செருகினாள்.