மரவள்ளி வாயுவில் போட்ட டீ

1984 தை மாதம் வேப்பந்தட்டைப் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் அவரைப் பார்த்தேன். மரவள்ளிக் கழிவுநீரை மூடிய தொட்டியில் புளிக்கவைத்து எரிவாயு எடுப்பது அவர் வேலை. புருவமெல்லாம் மாவு. பேசும்போதே விரலை முகர்ந்துகொள்வார்.

வாயுக்குழாய் முதலில் அவர் வீட்டுக்குத்தான் வந்தது. மனைவியோ கழிவுநீர் வாயுவில் சமைக்க அருவருத்து விறகை விடவில்லை. "உன் வூட்டுலயே எரியலன்னா குழாயப் புடுங்கிடுவேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"சார், அவ எதிர்ல நீங்க குடிச்சுக் காட்டுங்க" என்று கெஞ்சினார். அந்த வாயு அடுப்பில் போட்ட டீயைக் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

"இவரக் குடிக்கச் சொல்லுங்க, பாப்போம்" என்றார் அந்த அம்மா.

"எனக்கு டீ பழக்கமில்ல சார்."

அந்த அம்மா விறகை ஊதப் போனார்.

அன்று காலை பஸ் ஸ்டாண்டில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, தானும் ருசித்துக் குடித்தவர் அவர். குழாயைக் காப்பாற்ற ஒரு வாய் போதுமே; ஏன் மறுத்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.