பதினான்காம் வரிசைக்கு யார் தலைவர்?

1. சொல்லிக் கொடுத்த வசனம்

புதிய மைதானத்துக்கான இருக்கை உரிமம் அறிவிக்கப்பட்ட மறுநாள் காலை, டிக்கெட் நிலையத்தின் கதவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே, கழகத்தின் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தெருமுனை வரை ஆட்கள். வென்ற நாளில் அவர்கள் எப்படி நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். தோற்ற நாளில் நிற்கும் விதமும் தெரியும். இது இரண்டும் இல்லை. ஒருவர்கூடப் பாடவில்லை.

நான் ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஒரு கால்பந்துக் கழகத்தின் கவுண்டரில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, துப்புரவு வேலை, பேக்கரி வேலை என்று அலைந்து, கடைசியில் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள். கூடிய சீக்கிரம் ஓய்வு. என் கதிரையில் வந்து உட்காரப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பருவம் முழுவதற்கும் சேர்த்து வாங்கும் டிக்கெட்டை இங்கே டவர்கார்ட்டே என்பார்கள். பழைய மைதானத்தில் அதை வாங்கினால் போதும், இருக்கை உங்களுடையது. புதிய மைதானத்திலோ அந்த டவர்கார்ட்டேயை வாங்கும் உரிமையையே முதலில் விலைக்கு வாங்க வேண்டும். பலருக்கு அது ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும். அதன் பிறகு டவர்கார்ட்டேக்கு வழக்கம்போல வருடா வருடம் கட்ட வேண்டும். நின்று பார்க்கும் பகுதிக்கு மட்டும் உரிமம் இல்லை.

யாராவது கேள்வி கேட்டால் சொல்லச் சொல்லி ஒரு வசனம் கொடுத்திருந்தார்கள்: “இது உங்கள் விசுவாசத்துக்கான முதலீடு.” முதல் ஆளாக வந்த மார்லீஸிடம் அதைச் சொன்னேன். மார்லீஸ் ஓய்வு பெற்ற ட்ராம் ஓட்டுநர், தனி ஆள், வாய்க்குப் பூட்டு இல்லாதவர். அவர் ஜெர்மன் மொழியில் சொன்னது எங்கள் பேச்சில் எழுதினால் இப்படித்தான் வரும்:

“காசு கட்டுறதுக்கு அனுமதி வாங்க ஒரு காசோ? நான் செத்தாலும் அதுக்குக் கையெழுத்து வைக்க மாட்டன். நீங்கள் இதை நம்பித்தான் சொல்லுறீங்களோ?”

அவர் வெளியே போய், உரிமத்தை எதிர்த்து ரசிகர்கள் விரித்திருந்த பதாகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வசனத்தை அதன் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.

2. ஒரே பெயரில் ஒன்பது

அன்று மத்தியானம் சூசைதாசன் அண்ணை வந்தார். யாழ்ப்பாணம் குருநகர்க்காரர், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முகமெல்லாம் சிரிப்பு.

“தங்கச்சி, புது கிறவுண்டிலையும் எங்கட ஒன்பதையும் ஒண்டாப் போட்டு விடுங்கோ. பக்கத்துச் சீற் மார்லீஸ் அக்காவுக்கு.”

அந்த ஒன்பதின் கதை எனக்குத் தெரியும்.

பதினான்காம் வரிசையில் ஒன்பது தமிழர்கள், அவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் மார்லீஸ். அவர்கள் முதன்முதல் டவர்கார்ட்டே எடுத்த காலத்தில் சூசைதாசன் அண்ணை ஒருவருக்குத்தான் நிரந்தர விசா இருந்தது. மற்ற எட்டுப் பேரும் சில மாதங்களுக்கு ஒருமுறை நீட்டித்துக்கொள்ளும் தற்காலிகக் கடதாசியில் இருந்தவர்கள். வங்கிக் கணக்கு திறக்கப் போனால் ஆயிரம் கேள்வி கேட்டார்கள். கழகமோ வங்கிக் கணக்கு இல்லாமல் டவர்கார்ட்டே கொடுக்காது. ஆகவே ஒன்பதும் அண்ணையின் பெயரில். பிறகு எல்லோருக்கும் பாஸ்போர்ட் வந்தது, சிலருக்கு வீடும் வந்தது. பெயரை மாற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஓடுகிற வண்டியை யார் நிறுத்திப் பார்க்கிறார்கள்?

புதிய விதி, பழைய டவர்கார்ட்டே வைத்திருப்பவருக்கு இரண்டே இரண்டு இருக்கைகளுக்குத்தான் முன்னுரிமை என்றது. மற்ற ஏழும் பொது விற்பனைக்குப் போய்விடும். கணினி எந்த மூலையில் யாரைப் போடும் என்று கணினிக்கே தெரியாது.

“ரெண்டோ?” என்றார் அண்ணை. “அப்ப மிச்ச ஏழு பேரும்?”

“ஆளுக்கொரு திக்கிலை போக வேண்டி வரும் அண்ணை.”

அவர் சிரிப்பை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு சுவரோரக் கதிரையில் போய் உட்கார்ந்தார். சிரிப்பு இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டு அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு பயமும் இருந்தது. டவர்கார்ட்டேயை நிரந்தரமாக வேறொருவருக்குக் கொடுத்து வைப்பது விதிப்படி குற்றம். விஷயத்தை மேலிடத்தில் சொன்னால் ஒன்பதையும் ரத்து செய்யலாம். சொல்லாவிட்டால் ஏழு போகும். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் என் மேலாளர் ஃப்ராவ் லிண்ட்னரின் அறைக்குப் போய், உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பதாகையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். தினமும் எத்தனை விற்றது என்று கேட்கிறார்கள்.

“ஒரே வழிதான்,” என்றார். “பதிவு செய்த ரசிகர் கழகத்துக்கு இடங்களைச் சேர்த்துக் கொடுக்கலாம். அவர்கள் அப்படி ஒரு ரசிகர் கழகம் அமைக்கட்டும். தலைவர் வேண்டும், பொருளாளர் வேண்டும், எல்லோருடைய உண்மையான பெயரும் வேண்டும். அடுத்த வெள்ளி மாலை கவுண்டர் மூடுவதற்குள். சரிபார்த்தேன் என்று நீங்கள்தான் கையெழுத்துப் போடுவீர்கள். பிசகினால் நான் உங்களைக் காப்பாற்ற முடியாது.”

கழகம் அமைப்பதா? எங்கள் ஆட்களுக்கா? இரண்டு தமிழர் சேர்ந்தால் மூன்று சங்கம் என்று எங்களை நாங்களே கேலி செய்வோமே. அல்வா சாப்பிடுகிற வேலை என்று நினைத்து சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். என்ன பேதை நான்!

3. கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு கோவில் மண்டபத்தில் கூட்டம். அது கத்தோலிக்கக் கோவில். வரிசையில் பாதிப் பேர் சைவர்கள். அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை, தலைவர் யார் என்பதில்.

சூசைதாசன் அண்ணை இருக்கட்டும் என்று ஒருவர் தொடங்கினார். உடனே யோகன் எழும்பினார். யோகன் லாரி ஓட்டுகிறவர், தமிழ்ப் பள்ளி நிர்வாகத் தேர்தலில் ஒருமுறை தோற்றவர்.

“இவ்வளவு காலமும் பேர் அவரின்ர பேர். இனித் தலைமையும் அவருக்கோ? அப்ப நாங்கள் என்ன, கிளாப் பண்ண வந்தனாங்களோ?”

“உன்னைத் தலைவராப் போட்டா கழகம் ரெண்டு மாசத்திலை ரெண்டாப் போகும்,” என்றார் இரத்தினம் அண்ணை. முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர், ஆனால் குரலில் ஒரு குறையும் இல்லை. “பள்ளிக்கூடத்தை உடைச்ச மாதிரி.”

அதோடு பள்ளிக்கூடம் உடைந்த கதை வந்தது. பிறகு விளையாட்டுக் கழகம் உடைந்த கதை. பிறகு ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேர்த் திருவிழாவுக்கு யாருடைய பஸ்ஸில் போவது என்று வந்த சண்டை. கால்பந்து என்ற சொல்லை ஒரு மணி நேரமாக யாரும் சொல்லவில்லை. நான் மேசையைத் தட்டினேன்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் குடுக்காட்டில் ஏழு சீற் போகும். விளங்குதோ உங்களுக்கு?”

“விளங்குது தங்கச்சி. ஆனா கொள்கை எண்டு ஒண்டு இருக்கெல்லோ,” என்றார் யோகன்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இவர்களுக்காக நான் என் வேலையைப் பணயம் வைத்திருக்கிறேன், இவர்கள் பஸ்ஸுக்குச் சண்டை பிடிக்கிறார்கள்.

கோப்பி குடிக்க வரச்சொல்லி அண்ணை மார்லீஸையும் அழைத்திருந்தார். அவர் கேக் ஒன்றோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒரு சொல்லும் புரியாமல் முகம் வெளிறிப் போய் என்னிடம் குனிந்து கேட்டார்:

“யார் செத்தது?”

“ஒருவரும் சாகவில்லை. தலைவரைத் தெரிவு செய்கிறார்கள்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “எங்கட ஆக்களின்ர சங்கங்களிலையும் இதே கூத்துத்தான்.”

அந்தச் சிரிப்பில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் கொஞ்சம் அடங்கியது. யாரென்று நினைவில்லை, பின்னாலிருந்து ஒரு குரல்: “அப்ப மார்லீஸ் அக்கா இருக்கட்டுமேன்.”

அண்ணை யோகனைப் பார்த்தார், யோகன் இரத்தினத்தைப் பார்த்தார். மற்றவன் வராவிட்டால் சரி என்ற கணக்கு ஒவ்வொரு முகத்திலும் ஓடுவது எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஒன்பது கையும் உயர்ந்தன. எங்கள் ஆட்கள் ஏகமனதாக ஒன்றைத் தீர்மானித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் மார்லீஸின் சிரிப்பு நின்றுவிட்டது.

“தலைவர் எண்டால் உரிமத்துக்கு நான் கையெழுத்து வைக்க வேணும். நான் வைக்க மாட்டன் எண்டு ஊருக்கெல்லாம் சொன்னனான். அந்தப் பதாகையிலை பாதி எழுத்து நான் எழுதினது.”

“அப்போ என்ன செய்வோம்?” என்று கேட்டேன்.

“வெள்ளிக்கிழமை சொல்லுறன்,” என்று கேக்கை வெட்டாமல் எழும்பிப் போனார்.

4. வெள்ளிக்கிழமை

அந்த நான்கு நாட்களும் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் மார்லீஸோ என்று ஓடிப்போய் எடுத்தேன். திரையில் பதினான்காம் வரிசைக்குச் சமமான புதிய இடங்களை, மார்லீஸுக்கும் சேர்த்துப் பத்தாக, ஒதுக்கி வைத்திருந்தேன். சுற்றிலும் மற்ற இருக்கைகள் ஒவ்வொன்றாக விற்றுப் போய்ச் சிவப்பாக மாறின. அந்தப் பத்தும் மட்டும் பச்சையாக இருந்தன. மகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

வெள்ளி பின்னேரம், கவுண்டர் மூடக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பத்துப் பேரும் வந்தார்கள். ஒன்பது பேரும் தேவாலயத்துக்குப் போவது போல நல்ல உடுப்பில். மார்லீஸ் முன்னால் வந்து பேனாவைக் கேட்டார்.

“ஒன்பது இருக்கைக்குக் கையெழுத்து வைக்கிறன். இவை ஒண்டா இருக்கட்டும். எனக்கு இருக்கை வேண்டாம். நான் நிக்கிற பகுதிக்குப் போறன். அதுக்கு உரிமம் இல்லைத்தானே. எனக்கெண்டு உரிமம் வாங்கேல்லை, நான் சொன்ன சொல்லும் அப்பிடியே இருக்கும்.”

“அக்கா என்னவாம்?” என்று கேட்டார் சூசைதாசன் அண்ணை. ஜெர்மன் அவருக்குத் தெரியும். காதில் விழுந்ததை நம்பாமல்தான் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

ஒன்பது பேரும் சுவரோரமாகப் போய்க் கூடி நின்றார்கள். கத்துவார்கள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. யோகன் ஏதோ சொல்ல, இரத்தினம் அண்ணை தலையை ஆட்டினார். அவ்வளவுதான். ஃப்ராவ் லிண்ட்னர் என் பின்னால் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

அண்ணை திரும்பி வந்தார். “தங்கச்சி, சீற் வேண்டாம். நிக்கிற இடம் பத்துத் தாங்கோ.”

எனக்குப் பொறுக்கவில்லை. “உங்களுக்கு விசரே அண்ணை? இந்த ஒன்பதுக்காக நான் பட்ட பாடு தெரியுமோ? இரத்தினம் அண்ணையின்ர முழங்கால் என்ன பாடு? உங்களுக்குச் சீனி வருத்தம். ரெண்டு மணித்தியாலம் ஏலுமோ நிக்க?”

“ஏலாதுதான்,” என்றார். “ஆனா கேளுங்கோ. நாங்கள் வந்த முதல் வருசம், எங்கட சாப்பாட்டுப் பெட்டியிலை இருந்த மீன் ரோல்ஸ் மணக்குது எண்டு பின்னுக்கு இருந்தவன் எங்களை எழுப்பச் சொல்லிக் கத்தினவன். நாங்கள் எழும்பவே வெளிக்கிட்டிட்டம். கடதாசி இல்லாத ஆக்கள், பிரச்சினை வேண்டாம் எண்டு. இவ எங்கட பெட்டியை வாங்கி, அவன்ர முகத்துக்கு முன்னால நாலு ரோல்ஸ் சாப்பிட்டுக் காட்டினவ. பிறகு ‘இருங்கோ’ எண்டவ. எங்களை இருத்தினதே இவதான். இவவை நிக்க விட்டிட்டு நாங்கள் இருக்கிறதோ?”

மார்லீஸ் என் கையைத் தட்டினார். “என்ன சொல்லுறார்? சொல்லுங்கோ.”

சொன்னேன்.

“நாலு இல்லை,” என்றார் மார்லீஸ். “அஞ்சு.”

நிற்கும் இடங்களும் ரசிகர் கழகங்களுக்குத்தான் முதலில். ஆகவே தலைவரின் கையெழுத்து தேவைப்பட்டது. போட்டார். அடுத்து நான் போட்டேன். திரையில் பச்சையாக இருந்த பத்து இருக்கைகளையும் விடுவித்தேன். சில நிமிடங்களில் அவை வெவ்வேறு ஆட்களுக்கு விற்றுப் போயின.

புதிதாக வருகிறவர்களே, கணினி உங்களிடம் எந்த வரிசை, எந்த எண் என்று கேட்கும். நீங்கள் வாடிக்கையாளரிடம் அதைக் கேட்பதற்கு முன், யாருக்குப் பக்கத்தில் என்று கேளுங்கள். இத்தனை வருட வேலையில் நான் கற்றது அவ்வளவுதான். அதையும் நான் அந்த ஒரு வாரத்தில்தான் கற்றேன், வயிறெரிய வயிறெரிய.

எல்லோரும் போன பிறகு ஃப்ராவ் லிண்ட்னர் அன்றைய அறிக்கையை எழுத உட்கார்ந்தார். உறுதியாக இருந்த ஒன்பது உரிமங்கள் ஏன் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போயின என்று மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும்.

“என்ன எழுத?” என்று என்னிடம் கேட்டார்.

“தலைவர் நிற்கிறார்,” என்றேன். “அவர் நிற்கும்போது எங்கள் ஆட்கள் உட்கார மாட்டார்கள் என்று எழுதுங்கள்.”